சூரியக் கொந்தளிப்பும் கோடைக்கானலும்

காவிரியினின்று குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளியில் நடவை முடித்து வானத்தை அண்ணாந்து நோக்கும் குடியானவருக்கும், கோடைக்கானல் மலைமீது சூரியனைப் படம் பிடிக்கும் விஞ்ஞானிக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் வினவலாம். அந்தச் சம்பந்தம் பஞ்சத்தில் பிறந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்திற்குப் பின்னர், சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று ஆராயும் எண்ணம் வலுத்தது. 1899-ம் வருஷத்தில் கோடைக்கானலில் ஆராய்ச்சி நிலையம் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். மழையை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் அகப்படவில்லை, அகப்பட்டது வேறு.

கரும்புள்ளிகள் வலிய காந்தசக்தி குவிந்த இடங்கள் என்பதை 1908-ல் அமெரிக்காவில் ஹேல் நிரூபித்தார். மறு வருஷமே கோடைக்கானலில் எவர்ஷெட், புள்ளியின் ஓரங்களில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். சூரியன் கெட்டிப் பொருளன்று. அதன் நடுப்பாகம் ஒரு முறை சுற்ற ஏறக்குறைய 25 நாட்கள் போதும். துருவங்களுக்கோ 35 நாட்கள் வேண்டும். இவ்வேறுபாட்டாலும் உள்ளே கொதிக்கும் வாயுவின் அசைவாலும் காந்தக் கோடுகள் வைக்கோற்பிரி போல் முறுக்கேறுகின்றன. முறுக்கு மிஞ்சி, எதிரெதிர்க் கோடுகள் நெருங்கி அறுந்து வேறு விதமாக இணையும்போது, தேங்கிய சக்தி சில நிமிஷங்களில் விடுபடுகிறது. அச்சுவாலையின் ஒளி எட்டு நிமிஷத்தில் நம்மை எட்டும். சில சமயம் காந்தம் சுமந்த வாயுத்திரளும் வீசி எறியப்படும். அது நம் திசை நோக்கி வருமாயின், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களில் வந்து மோதும்.

1859-ல் அவ்வாறு நேர்ந்த மோதலை பம்பாய் கொலாபாவின் காந்தக் கருவிகள் பதிவு செய்தன. 1989 மார்ச்சில் கனடாவின் குவிபெக் மாகாணத்தில் 60 லட்சம் மக்கள் சுமார் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள நமது மின்கம்பிகளுக்கு அவ்வளவு அபாயமில்லை என்பது மெய்யே. ஆனால் வங்கக் கடலில் திரளும் புயலைத் தஞ்சை ஜில்லாவுக்குக் காட்டிக்கொடுக்கும் செயற்கைக்கோள்கள் வானில் அன்றோ இருக்கின்றன!

2023-ல் ஏவிய ஆதித்யா எல்-1, 2024 ஜனவரியில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இடத்தை அடைந்துவிட்டது. இனி மலைமேல் கண்ணாடி எதற்கு என்பாரும் உளர். நமக்கு இது உடன்பாடன்று. புள்ளிகள் பெருகிக் குறையும் ஒரு சுற்றுக்கே சுமார் 11 வருஷங்கள் ஆகின்றன. நூறாண்டுக்கு மேற்பட்ட படங்கள் கோடைக்கானலில் உள்ளன. விலைகொடுத்து வாங்கக் கூடிய சரக்கா அது? அந்த வரிசை ஒரு நாளும் அறுபடாதிருக்க வேண்டிய பணத்தையும் ஆட்களையும் சர்க்கார் தட்டாமல் அளிக்க வேண்டும்.