கத்திக்கு முன்னே கயிறு

இடம்பெயரும் விவசாயக் குடும்பம் காணியை விட்டு வருகிறது. கிணற்றை விட்டு வருகிறது. மாட்டை அவிழ்த்து விட்டு வருகிறது. கைப்பழக்கத்தை மட்டும் அது விட்டு வருவதில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களும், 2009இல் வன்னியிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்களும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்திலும் மண்சரிவிலும் வீடுவாசல் இழந்தவர்களும் இதற்குச் சாட்சி. எந்த மரம் வைரமானது, எந்தக் கொப்பு உளுத்தது, முருங்கையில் ஏன் ஏறக்கூடாது என்பதை இவர்களுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

கொழும்பில் இந்தப் பழக்கத்துக்கு வேலை இருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வளவுகளில் மாவும் பலாவும் தென்னையும் கூரைகளுக்கு மேலே சாய்ந்து நிற்கின்றன. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பேருந்து ஒன்றின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் உயிரிழந்தனர். அப்படியொரு செய்தியைக் கேட்ட வீட்டுக்காரர் தம் வளவு மரத்தை அண்ணாந்து பார்க்கிறார். கொப்பு வெட்ட ஆள் தேடுகிறார். ஊரில் சொந்த வளவில் செய்த வேலையை இங்கே கூலிக்குச் செய்ய நம்மவர்கள் முன்வருகின்றனர்.

இதற்கென சுயதொழில் உதவியோ கடனோ கேட்கும்போது நாம் எழுதிக்கொடுக்கும் பட்டியலைச் சற்று நினைத்துப் பாருங்கள். மரம் அரியும் இயந்திரம், கத்தி, கோடரி, ஏணி என்று தொடங்கி, காசு மிஞ்சினால் கடைசியில் 'கயிறு' என்று ஒரு சொல். என்ன கயிறு, எத்தனை மீற்றர், எதற்கு என்ற விபரம் இல்லை. உதவி கொடுப்பவரும் கேட்பதில்லை. இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே எனது கருத்து. கயிறும் பட்டியும் தலைக்கவசமும் முதலில் வரவேண்டும். வெட்டும் கருவி கடைசியில் வரவேண்டும்.

அப்பு ஏறிய விதம்

"எங்கள் அப்பு தளநாரோடு பனை ஏறினார். அவருக்கு ஏது இந்தப் பட்டியும் கொக்கியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தளநார் காலுக்குப் பிடிமானம் தருவது. கை வழுகினால் உடம்பைத் தாங்கிப் பிடிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அப்புவைக் காப்பாற்றியது இளவயதிலிருந்து நாள்தோறும் அதே மரங்களில் ஏறிப் பெற்ற தேர்ச்சி. அப்படித் தேர்ந்தவர்களிலும் விழுந்து இடுப்பு முறிந்தவர்களை நமது ஊர்கள் கண்டிருக்கின்றன. கொழும்பில் நாம் ஏறுவது தெரியாத வளவில், தெரியாத மரத்தில். கீழே மதில், கூரை, மின்கம்பி. மரத்தின் உச்சியில் நின்று ஒரு கையால் வெட்டவும் வேண்டும். தேங்காய் பிடுங்குவதும் கொப்பு வெட்டுவதும் ஒரே வேலை என்று எண்ணுவது தவறு.

மரத்துக்கேற்ற முறையும் வேறு. தென்னைக்கும் பனைக்கும் கவர் இல்லை; மேலே கயிறு போட இடமில்லை. அங்கே மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் பட்டியோ, இரண்டு சட்டங்களால் ஆன ஏறுகருவியோதான் பொருந்தும். மா, பலா, வேம்பு, வாகை போன்ற கொப்பு மரங்களுக்கே கயிற்று முறை.

ஒற்றைக் கயிறு என்பது என்ன?

ஒற்றைக் கயிற்று முறையை இப்போது பலர் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு அதற்குரிய சாதனங்களை வாங்க ஆசைப்படுகின்றனர். முறை எளிது. மெல்லிய நூலின் நுனியில் சிறிய பாரப்பை ஒன்றைக் கட்டி நல்ல கவர் ஒன்றின் மேலால் எறிவார்கள். அந்த நூலால் ஏறுகயிற்றை மேலே இழுத்து, ஒரு முனையை மரத்தின் அடியில் கட்டுவார்கள். மற்றப் பக்கத்தில் தொங்கும் கயிற்றில், காலிலும் நெஞ்சிலும் பொருத்திய பிடிகளின் உதவியோடு படியேறுவதுபோல ஏறுவார்கள். கயிறு அசையாது, ஆள்தான் அசைகிறார். உடம்பு களைப்பது குறைவு.

ஆனால் இரண்டு விடயங்களைத் தெரியாமல் இதில் இறங்கக்கூடாது. முதலாவது, அடிமரத்தில் கட்டிய கயிறு கவரின் இரு பக்கமும் இழுக்கிறது. ஏறுபவர் கருவிகளோடு 80 கிலோ இருந்தால் கவரில் விழும் பாரம் ஏறக்குறைய 160 கிலோ. ஆகவே ஏறுமுன்னர் இருவர் சேர்ந்து கயிற்றில் தொங்கி, கவரைச் சோதிக்க வேண்டும். இரண்டாவது, ஏறுவதற்கான பல்லுள்ள பிடி மேலே போகும். பாரத்தோடு கீழே வராது. கொப்பில் குளவிக்கூடு இருந்தால் அந்த நேரத்தில் பிடிகளைக் கழற்றி வேறு சாதனம் மாற்ற அவகாசம் கிடைக்காது. ஏறும்போதே இறங்கும் வழியும் உடம்போடு இணைந்திருக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இரட்டைக் கயிற்று முறை. கயிற்றைக் கவரின் மேலாகப் போட்டு ஒரு முனையைப் பட்டியில் கட்டி, மற்றப் பக்கத்தை ஓர் உராய்வு முடிச்சால் பிடித்து ஏறுவது அது. 1931இல் ஒஸ்திரியரான கார்ல் புரூசிக் அறியத்தந்த முடிச்சும் அதன் வழிவந்த முடிச்சுகளும் இதற்கு உதவும். இம்முறையில் முடிச்சின் மேல் உடம்பின் பாதிப் பாரமே விழும். அதே முடிச்சை ஒற்றைக் கயிற்றில் போட்டால் முழுப் பாரமும் விழுந்து இறுகிவிடும், இறங்கும்போது சூடேறும். அந்தச் சுமையைக் குறைக்கத்தான் விலைகூடிய சாதனங்கள் வந்தன. இரட்டைக் கயிறு மெதுவானது, ஆனால் செலவு குறைந்தது. ஏறவும் இறங்கவும் அதே முடிச்சுத்தான். அதில் தேர்ந்தபின் ஒற்றைக் கயிற்றுக்குப் போகலாம்.

பழைய சோனகத் தெருவில் கேட்கவேண்டிய கேள்வி

புதுக்கடை என்றதும் சிலருக்கு நீதிமன்றம் நினைவுக்கு வரும். சிலருக்குப் பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகள். கயிறு வாங்க நம்மவர்கள் வருவதும் அங்கேதான். கடைக்காரரில் குற்றமில்லை. கிணற்றுக்கா, லொறிக்கா, படகுக்கா என்று அவர் கேட்பார். 'பலமான கயிறு' என்று நாம் கேட்டால் தடித்த நீலக் கயிற்றையோ பச்சைக் கயிற்றையோ எடுத்துத் தருவார். அது பொலிபுரொப்பிலீன் கயிறு. சாமான் கட்ட நல்லது. ஆனால் வெயிலில் கிடந்து நார் நொறுங்கும். ஏறத்தாழ 165 பாகை வெப்பத்தில் உருகிவிடும். உராய்வு முடிச்சு வழுகும்போது அந்தச் சூடு உண்டாகக்கூடியது. தும்புக் கயிறு ஈரத்தில் உள்ளுக்குள் உக்கிப்போகும். இரண்டும் மனித உயிரைத் தொங்கவிடுவதற்கு உரியவையல்ல.

உடம்பைத் தாங்கும் கயிறு வேறு. உள்ளே நார்க்கற்றையும் வெளியே பின்னிய உறையும் கொண்டது. நைலோன் அல்லது பொலியெஸ்டரால் ஆனது. மரவேலைக்கு 11 முதல் 13 மில்லிமீற்றர் தடிப்பு. அதிகம் இழுபடாதது. ஐரோப்பிய நியமம் 1891, 'ஏ' வகை என்று பொறித்திருந்தால் குறைந்தது 22 கிலோநியூற்றன், அதாவது 2200 கிலோவுக்கு மேற்பட்ட இழுவையைத் தாங்கவேண்டிய கயிறு என்று பொருள். முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் கணிசமாகக் குறையும் என்பதால் இந்த அளவு மிகையானதல்ல. இத்தகைய கயிற்றை, தொழிலாளர் பாதுகாப்புச் சாதனங்கள் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். பொறிப்பும் கையேடும் இல்லாத கயிற்றை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். பாவித்த கயிற்றையும் வாங்காதீர்கள். பற்றரி அமிலம் பட்ட நைலோன் கயிறு கண்ணுக்குப் புதிதுபோல இருந்துகொண்டே அறுந்துபோகும். வீட்டிலும் உரம், கிருமிநாசினி, பற்றரி வைக்கும் மூலையில் கயிற்றை வைக்கவேண்டாம்.

நீளத்தையும் கணக்கிடுங்கள். கவர் 15 மீற்றர் உயரத்தில் இருந்தால் ஏறி இறங்கவே 35 மீற்றர் தேவை. அடிமரத்தில் இறக்கும் சாதனம் ஒன்றைப் பூட்டி, மேலே மயங்கியவரைக் கீழே நிற்பவர் இறக்கக்கூடியதாக அமைப்பதானால் 45 மீற்றருக்கு மேல் வேண்டும்.

அடுத்தது பட்டி. இடுப்பைச் சுற்றும் ஒற்றைப் பட்டி தொங்குவதற்கு உதவாது. அது விலாவை நெரித்து மூச்சை அடைக்கும். தொடை இரண்டையும் சேர்த்துத் தாங்கும் இருக்கைப் பட்டியே வேண்டும். கொக்கிகள் தாமாகப் பூட்டிக்கொள்பவையாக, தாங்கும் பாரம் பொறிக்கப்பட்டவையாக இருக்கவேண்டும். சாவிக்கொத்தில் மாட்டும் கொக்கியும் பார்வைக்கு அதேபோலத்தான் இருக்கும், ஏமாறவேண்டாம். பிடிக்கும் சாதனம் எத்தனை மில்லிமீற்றர் கயிற்றுக்கு உரியது என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். கயிறும் அதுவும் ஒத்துப்போகவேண்டும். தலைக்கவசத்துக்கு நாடிப்பட்டி இருக்கவேண்டும். மோட்டார்சைக்கிள் கவசம் காதையும் மேற்பார்வையையும் மறைக்கும்.

இவற்றுக்குப் பிறகுதான் வாள். அதுவும் முதலில் கைவாள். இறுகி நிற்கும் கயிற்றில் இயந்திர வாள் பட்டால் ஒரு நொடியில் அறுந்துவிடும். எந்த வாளானாலும் வெட்டும் நேரத்தில் ஏறுகயிற்றோடு, மரத்தைச் சுற்றிய இன்னொரு கயிறும் பட்டியில் பூட்டியிருக்கவேண்டும். வெட்டிய கொப்பை இறக்கும் கயிறு வேறாக இருக்கட்டும். அது ஒருபோதும் ஆளைத் தாங்கும் கயிறாகக்கூடாது.

ஒருவருக்கல்ல, இருவருக்கு

இங்கேதான் உதவி வழங்கும் நம் சபைகளோடும் சங்கங்களோடும் எனக்குக் கருத்து வேறுபாடு. 'ஒரு பயனாளிக்கு ஒரு பொருள்' என்ற கணக்கு தையல் இயந்திரத்துக்குப் பொருந்தும்; மரவேலைக்குப் பொருந்தாது. பட்டியில் அசையாமல் தொங்குபவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே உயிராபத்து உண்டாகலாம். கொழும்பு நெரிசலில் தீயணைப்பு வண்டி வரும்வரை அவர் தாங்குவாரா? கீழே நிற்பவரும் ஏறத்தெரிந்தவராக, தனக்கென ஒரு பட்டி உடையவராக இருந்தால்தான் தொங்குபவர் பிழைப்பார். ஆகவே உதவியை இரண்டு குடும்பங்களுக்குச் சேர்த்துக் கொடுங்கள்: இரண்டு பட்டிகள், இரண்டு ஏறுகயிறுகள், இரண்டு தலைக்கவசங்கள். ஆளுக்கொரு வாள் என்று பிரித்துக் கொடுப்பதிலும் இது பயன் தரும். காசு போதாதென்றால் வாளை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைப்போம்.

கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த அப்பச்சன் என்ற எம். ஜே. ஜோசப், தென்னை ஏறும் கருவி ஒன்றை உருவாக்கினார். பெரிய நிறுவனம் எதுவும் அல்ல, ஒரு விவசாயிதான். காசரகோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் அதற்குப் பாதுகாப்பு இணைப்பைச் சேர்த்தது. இந்தியத் தென்னை அபிவிருத்திச் சபை 2011இல் 'தென்னையின் நண்பர்கள்' என்ற திட்டத்தில் இளைஞர்களையும் பெண்களையும் பயிற்றுவித்துக் கருவியும் கொடுத்தது, காப்புறுதியும் செய்தது. பயிற்சி, கருவி, காப்புறுதி மூன்றும் ஒன்றாகப் போனபடியால் ஏறுவது மதிப்புள்ள தொழிலாயிற்று. நாம் கருவியை மட்டும் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிவிடுகிறோம்.

விழுந்தபின் என்ன நடக்கும்? தொழிற்சாலைகளுக்கான 1942ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒரு வீட்டு வளவின் மாமரம்வரை எட்டுவதில்லை. வேலையாட்களுக்கு நட்டஈடு பெற 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உண்டு. ஆனால் ஒரு நாள் கூலிக்கு வாய்ப்பேச்சில் அழைக்கப்பட்டவர், தமது எசமான் யார் என்று நிரூபிப்பதே பெரும்பாடு. கயிறு வாங்க வந்த அதே புதுக்கடைக்கு, அவருடைய மனைவி வழக்கு விசாரிக்க வரவேண்டியதாகும். காணியை இழந்த குடும்பம் உழைக்கும் கையையும் இழந்தால் அதற்குப் பிறகு இடம்பெயர இடமேது?

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. புதுவீடு கட்டுபவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் அமைக்கவேண்டும்; அமைக்காமல் ஒருவன் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின் மேல் வரும் என்பது அதன் கருத்து. விழுபவனின் கவனக்குறைவைப் பற்றி அங்கே பேச்சில்லை. வீட்டுக்காரனின் பொறுப்பைப் பற்றியே பேச்சு. வாளைக் கொடுத்துக் கயிற்றைக் கொடுக்காத உதவிக்கும், ஆளை மரத்தில் ஏற்றிவிட்டுக் கயிறு உண்டா என்று கேட்காத வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும்.

எனவே சகோதரர்களே, உங்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் பட்டியலைத் திருப்பி எழுதுங்கள். முதல் வரியில் கயிற்றின் வகை, தடிப்பு, நீளம். இரண்டாம் வரியில் இரண்டு பட்டிகள். மூன்றாம் வரியில் தலைக்கவசங்கள். நான்காம் வரியில் தரையோடு ஒட்டிய கொப்பில் பழகுவதற்கான நாட்கள். வாள் அதற்குக் கீழே இருக்கட்டும். 'இவ்வளவு செலவா?' என்று குழுவில் எவராவது கேட்டால், அந்த மரத்தின் அடியில் அவரையே கொண்டுபோய் நிறுத்தி மேலே பார்க்கச் சொல்லுங்கள்.