பூனைக்குப் பல் வைத்தியமா? சிரிக்காதீர்கள்!

மளிகைக் கடையில் எலிக்காக வளர்க்கும் பூனைக்கும் பல் 30. பால் பல் விழுந்து, ஏழு மாதத்துக்குள் அத்தனையும் முளைத்துவிடும். "குட்டிதானே, அதுக்கென்ன பல் நோய்?" என்கிறார்கள். தப்பு! ஒரு வயசுக்குள்ளேயே ஈறு வீங்கலாம்.

உதட்டைத் தூக்கிப் பாருங்கள். பல்லடியில் சிவப்புக் கோடு, வாய் நாற்றம், ஒரு பக்கமாகவே மெல்லுவது - இதில் எது இருந்தாலும் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். ஈறு சுத்தமா? அவசரமில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும்.

காரை எடுக்க மயக்க மருந்து வேணும். பயந்துகொண்டு, மயக்காமல் சுரண்டச் சொல்லாதீர்கள். மேல் பல் பளபளக்கும். ஈறுக்குள் அழுக்கு அப்படியே இருக்கும். காசும் தண்டம்! முதலில் ரத்தம் பரிசோதித்துவிட்டு மயக்குவதே நல்லது.

வாயில்லா ஜீவன் என்கிறோம். வாய் இருக்கிறது. திறந்து பார்க்கத்தான் ஆளில்லை!