புதிய நாடகமும் அவையோர் செவியும்

கல்லூரிகளில் ஆண்டு விழா அணுகுந்தோறும் நாடகம் ஒன்று நடைபெறுதல் நெடுநாள் வழக்கம். எம் கல்லூரியும் அதற்கு விலக்கன்று. விழாவிற்கு ஒரு திங்கள் முன்னரே திரைகள் இரவல் வாங்கப்படுகின்றன. உடைகள் வாடகைக்கு வருகின்றன. மாலைதோறும் மண்டபத்தில் ஒத்திகையின் ஆரவாரம் எழுகின்றது. இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியனவே. ஆயினும், ஆடப்பெறும் நாடகம் யாது என்று நோக்கின், அது முன்னோர் பலகால் ஆடிய பழைய நாடகமாகவோ, ஷேக்ஸ்பியரிடமிருந்து எடுத்த ஒரு காட்சியாகவோ இருத்தலையே காண்கின்றோம். நம் மாணாக்கருள் நாடகம் எழுதவல்லார் இலரோ எனின், உளர். அவர் எழுதியவை எங்குள்ளன எனின், விடுதி அறைகளில் பெட்டிகளின் அடியில் உள்ளன.

இதனை நாம் பிறர் சொல்லக் கேட்டுக் கூறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் இறுதி வகுப்பிற் பயின்ற நண்பர் ஒருவர், ஐந்து அங்கங்கொண்ட நாடகம் ஒன்றை எழுதி நாடகக் குழுவினரிடம் அளித்தார். கடனால் தறியை இழந்த நெசவாளர் ஒருவரின் குடும்பக் கதை அது. அக்குழுவில் நாமும் இருந்தோம். பதினான்கு வேடங்கள் வேண்டும், மூன்று திரைகள் வேண்டும், பெயரறியாத நாடகத்திற்குக் கூட்டம் வாராது என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. கையெழுத்துப் பிரதி திருப்பிக் கொடுக்கப்பட்டது. நாடகம் நன்றோ தீதோ என்று ஒருவரும் சொல்லவில்லை; சொல்லவும் இயலாது; முதல் அங்கத்திற்கு மேல் எம்மில் எவரும் படித்திலர். நண்பர் ஒன்றும் கூறாது அதனைப் பெற்றுக்கொண்டு சென்றார். அதன்பின் அவர் ஏதேனும் எழுதியதாக நாம் கேட்டிலம். செலவிற்கு அஞ்சிச் செய்த அச்செயல் ஒருவரது எழுதுகோலையே கீழே வைக்கச் செய்தது என்பதனை இன்று எண்ணி வருந்துகின்றோம்.

இக்குறை நீங்குதற்கு நாம் கூற விரும்பும் வழி எளியது. ஆண்டுதோறும் ஒரு மாலைப்பொழுதை, மாணாக்கர் எழுதிய புதிய நாடகம் ஒன்றினை அவையறிய வாசிப்பதற்கென்று ஒதுக்குதல் வேண்டும். திரை வேண்டா, அரிதாரம் வேண்டா, மனப்பாடமும் வேண்டா. சில நாற்காலிகளும், கையிற் பிரதிகளும், திருத்தமாக வாசிக்க வல்லார் சிலரும், கேட்கும் செவிகளும் இருப்பின் போதும்.

இது நமக்கு அயலான வழக்கம் என்று எவரும் ஐயுற வேண்டா. அரங்கேற்றம் என்னுஞ் சொல்லின் பழம்பொருளை நினைவு கூர்வோமாக. இந்நாளில் அச்சொல், நடனம் பயின்ற ஒருவர் முதன்முதல் மேடையேறும் விழாவையே பெரும்பாலும் குறிக்கின்றது. அங்கே பாராட்டுரைகளும் மாலைகளும் மிகுதி. முன்னாளிலோ அது புதிய நூலொன்று அறிஞர் அவையில் வாசிக்கப்பட்டு ஆராயப்படுதலைக் குறித்தது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் குற்றமற ஆராயப்பெற்று வெளிவந்தது என்று அதன் பாயிரம் கூறும். கம்பர் தம் காப்பியத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. 19ஆம் நூற்றாண்டிலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) தாம் இயற்றிய புராணங்களைப் பலர் கூடிய அவையில் அரங்கேற்றிய செய்திகளை அவர்தம் மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் விரித்தெழுதியுள்ளார். எனவே, நூல் முதலிற் செவிக்கு வருதலும், அவையோர் வினவுதலும், ஆசிரியர் விடையிறுத்தலும் நம் முன்னோர் கண்ட நெறியேயாம். அந்நெறியை நாடகத்திற்கு மீட்டுக் கொணர்க என்பதே எம் வேண்டுகோள்.

நிற்க. வாசிப்பு என்பது பெயரளவில் நடைபெறின் பயனில்லை. இதற்கு இங்கிலாந்தின் பழைய வழக்கம் ஒன்று சான்றாகும். அந்நாட்டில், ஒரு நாடகம் பொதுவில் நடிக்கப்பெறுமுன் நூலாக வெளிவரின் அதனை மேடையேற்றும் உரிமையை ஆசிரியர் இழக்கக்கூடும் என்ற அச்சம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலவிற்று. ஆதலின் ஆசிரியர்கள், பெர்னார்டு ஷா உட்பட, நடிகர் சிலரைக் கூட்டிப் பிரதியைக் கையிற் கொண்டு ஒருமுறை வாசிக்கச் செய்து, ஒரு சிலர் மட்டும் காண, உரிமையை நிலைநாட்டிக்கொண்டனர். 1911ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இத்தேவையை ஒழித்தது. அவ்வாசிப்புக்கள் சட்டத்திற்காக நிகழ்ந்தனவேயன்றி நாடகத்திற்காக நிகழ்ந்தனவல்ல. அவை ஒழிந்ததற்கு எவரும் வருந்தினாருமல்லர்.

இதற்கு மறுதலையான சான்று அமெரிக்க நாட்டில் உளது. கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்ஃபோர்டு என்னும் ஊரில் 1964ஆம் ஆண்டு யூஜீன் ஓநீல் நாடக நிலையம் நிறுவப்பெற்றது. மறு ஆண்டு முதல் நாடகாசிரியர் மாநாடு ஒன்று அங்கே கூடலாயிற்று. புதிய நாடகங்களை நடிகர் கையிற் பிரதியுடன், அணிகலனும் காட்சிப்பொருளும் மிகச் சிலவேயாக, அவை முன் நிகழ்த்துவர். ஆசிரியர் கேட்டு, ஆராய்ந்து, மீண்டும் எழுதுவர். ஆகஸ்டு வில்சன் என்பார் முன்னர் அனுப்பிய நாடகங்கள் ஆங்கு ஏற்கப்படவில்லை. எனினும் அவர் சோர்ந்திலர். அவர்தம் 'மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்' 1982இல் அங்கே வாசிக்கப்பெற்றது. 1984இல் நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறிற்று. பின்னர் அவர் புலிட்சர் பரிசினை இருமுறை பெற்றார். பெட்டியின் அடியில் கிடந்திருக்கக்கூடிய ஒரு நாடகம், கேட்பார் இருந்தமையால் உலகறிய வந்தது.

வாசிப்பினால் ஆசிரியர்க்கு விளையும் நன்மை யாது? தனியே மேசைமுன் அமர்ந்து எழுதுவார்க்குத் தம் சொற்கள் யாவும் இனிமையாகவே ஒலிக்கும். பிறர் வாயினின்று வரும்போதே, எவ்வுரை நீண்டது, எவ்விடத்தில் அவையோர் தும்மினர், எவ்விடத்தில் மூச்சடக்கி இருந்தனர் என்பன புலனாகும். உழவரும் வழக்கறிஞரும் ஒரே நடையிற் பேசுகின்றனர் என்பதனைக் கண் காட்டாது. செவி உடனே காட்டிவிடும். திரை தீட்டிய பின்னர்க் குறை காணின் திருத்துதற்குப் பொழுதுமில்லை, பொருளுமில்லை. வாசிப்பிற் கண்ட குறையோ ஓர் எழுதுகோலால் தீரும்.

நாடகம் காணுதற்குரியதன்றிக் கேட்டற்குரியதன்று என்று சிலர் தடை கூறுவர். முற்றும் மறுக்கத்தக்கதன்று இது. ஆடலும் பாடலும் மிக்க நாடகம் வாசிப்பில் தன் அழகிற் பாதியை இழக்கும். ஆயினும், சொல்லால் நிற்கமாட்டாத நாடகத்தைத் திரை நெடுநேரம் தாங்காது. அன்றியும், 1891இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையவர்களின் மனோன்மணீயம் படித்தற்குரிய நாடகமாகவே தமிழுலகில் நிலைபெற்றுள்ளது. அவர் திருவனந்தபுரத்துக் கல்லூரிப் பேராசிரியர். நாடகவியல் என்னும் இலக்கணத்தை 1897இல் வெளியிட்டு, ரூபாவதி, கலாவதி முதலிய நாடகங்களையும் இயற்றிய சூரியநாராயண சாஸ்திரியாரோ சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரித் தமிழாசிரியர். ஆதலின், நாடகத் தமிழை வளர்த்தல் கல்லூரிகளுக்குப் புதிய பணியன்று. சற்றே மறந்த பணி.

முற்றுப்பெறாத ஒன்றை அவை முன் வைத்தல் இளைஞரை நாணச்செய்யும் என்பது மற்றொரு தடை. இதுவே எம்மை மிகவும் எண்ணச் செய்தது. ஏளனம் ஒருவரது ஊக்கத்தை ஒரு நொடியில் அழிக்கும் என்பதனை அறிவோம். ஆதலின் சில ஒழுங்குகள் இன்றியமையாதன. நாடகம் இரண்டு மணி நேரத்திற்கு மேற்படலாகாது. வாசிப்போர் இருமுறையேனும் கூடிப் பயிலுதல் வேண்டும். முதன்முறை படிப்பார்போல் தடுமாறுதல் ஆசிரியர்க்குச் செய்யும் அநீதி. காட்சிக் குறிப்புக்களைத் தனியே ஒருவர் சுருங்க வாசித்தல் வேண்டும். ஆசிரியர் தாமே முதன்மை வேடத்தை வாசித்தல் நன்றன்று. அவர் அவையில் ஒருபுறம் அமர்ந்து கேட்டலே தக்கது. வாசிப்பு முடிந்தபின் அரை மணி நேரம் அவையோர் பேசலாம். அவர் முதலில் தமக்கு விளங்கியது இது, விளங்காதது இது என்று கூறுக. இவ்வாறு எழுதியிருக்க வேண்டும் என்று தாமே நாடகத்தை எழுதப் புகாதொழிக. ஆசிரியர் அப்பொழுது வாதாடாது குறித்துக்கொள்க. அவைத்தலைவராக ஆசிரியப் பெருமக்களுள் ஒருவர் இருப்பின் ஏளனத்திற்கு இடமிராது. இவ்வாறு நாணத்தைக் காத்தல் இயலும். ஒருவரும் கேளாது திருப்பிக் கொடுத்தலால் உண்டாகும் நாணத்திற்கோ மருந்தில்லை.

கூட்டம் வருமோ என்பர் சிலர். முதல் ஆண்டில் நாற்பதின்மர் வரின் அதுவே சாலும். அந்நாற்பதின்மரும் பிறர் நாடகத்தைக் கேட்டு மதிப்பிடக் கற்றவராவர். நடிக்க நாணும் மாணவரும், நல்ல குரலிருந்தும் வேடத்திற்கேற்ற உருவமில்லை என்று விலக்கப்பட்டவரும் அன்று மேடையில் இடம்பெறுவர். பழைய மாணவர் வந்து அவையில் அமர்ந்தால் அதனினும் சிறந்த துணை வேறில்லை.

எனவே, வரும் கல்வியாண்டின் இரண்டாம் பருவத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குமாறு முதல்வர் அவர்களையும் நாடகக் குழுவினரையும் பணிவுடன் வேண்டுகின்றோம். வரும் நாடகங்கள் அனைத்தையும் இறுதி அங்கம் வரை படித்தற்கு மூவர் கொண்ட சிறு குழு ஒன்று அமைக. அப்பணியில் ஒரு பங்கினை ஏற்க நாம் ஆயத்தமாயுள்ளோம்.

இவ்விதழ் பழைய மாணவர்க்கும் அனுப்பப்பெறுவது. மேலே நாம் குறித்த நண்பர் கையிலும் இது சேரக்கூடும். அவர் அப்பெட்டியை இன்னும் ஒருமுறை திறப்பாராயின், முதல் மாலையை அவர்க்கே அளிக்குமாறு வேண்டுவோம். அன்று படியாது விட்ட நான்கு அங்கங்களையும் முன்வரிசையில் அமர்ந்து கேட்பது எம் கடன்.