மலிவுத்தாள் ஓவியங்களை இகழ்வோர்க்கு ஒரு மறுப்பு

ஓர் ஓவியத்தின் தகுதியை அஃது அச்சான தாளின் விலையைக்கொண்டு அளக்கும் வழக்கம் கற்றோரிடையேயும் உண்டு. அமெரிக்க நாட்டில் 1920ஆம் ஆண்டுகள் முதல் 1950ஆம் ஆண்டுகள் வரை மரக்கூழ்த் தாளில் வெளிவந்த அறிவியற் புனைகதை இதழ்களின் ஓவியங்கள் இவ்வழக்கத்தால் பெரிதும் இழிவுற்றன. “கண்ணைப் பறிக்கும் வண்ணம், கோரமான அரக்கர், அரைகுறை ஆடை மங்கையர், இவற்றில் கலை எங்கே இருக்கிறது?” என்று கேட்டு ஒதுக்குவோர் பலர். மாணவன் கையில் அத்தகைய படமொன்றைக் கண்டதும் முகம் சுளிக்கும் ஆசிரியரும் நம்மிடையே உளர். இவ்விகழ்ச்சி தவறானது என்பதும், கற்பித்தற் பணிக்கே கேடு செய்வது என்பதும் என் வாதம்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். 1926ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பார் நியூயார்க் நகரில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்னும் இதழைத் தொடங்கினார். அதன் முகப்பைத் தீட்டியவர் ஆஸ்திரியாவில் பிறந்து, கட்டடக்கலை பயின்ற பிராங்க் ஆர். பால். வால்மீன் ஒன்று பூமியை உரசி மாந்தர் சிலரை வாரிச் செல்வதாக ஜூல்ஸ் வெர்ன் எழுதிய கதைக்குரிய ஓவியம் அது. பனிக்குன்றுகளின்மேல் பாய்மரக் கப்பல்கள் ஏறி நிற்கின்றன. கீழே பனித்தரையில் மக்கள் சறுக்கி விளையாடுகின்றனர். வானத்தை அடைத்துக்கொண்டு, வளையம் சூழ்ந்த சனிக்கோள் காட்சியளிக்கிறது. எவரும் கண்டிராத காட்சியை, கண்டவர்போல் நம்பும்படி வரைந்து காட்டினார் பால். இது சிறு செயலா?

பாலின் மனிதர்கள் மரப்பாவைகள்போல் விறைத்து நிற்பர் என்பது உண்மையே. ஆனால் அவர் வரைந்த பொறிகளையும் நகரங்களையும் உற்றுப் பாருங்கள். பெரும் பொறியின் அடியில் எறும்பளவில் மனிதரை நிறுத்தி, அப்பொறியின் பேரளவை ஒரே நோக்கில் உணர்த்திவிடுவார். ‘மிகப் பெரியது’ என்று கட்டுரையில் பத்து முறை எழுதும் மாணவனுக்கு, அளவு என்பது ஒப்பீட்டால் விளங்குவது என்பதை இதைக்காட்டிலும் தெளிவாக எந்தப் பாடம் கற்பிக்கும்?

“படம் கற்பனையைக் கட்டிப்போடும், நல்ல கதைக்குப் படம் வேண்டா” என்பது இகழ்வோரின் அடுத்த வாதம். இதற்கு விடையாக ஆர்தர் சி. கிளார்க்கின் வாழ்வைக் காட்டலாம். இங்கிலாந்தில் சிறுவனாய் இருந்த அவர் முதன்முதலாகக் கண்ட அறிவியற் புனைகதை இதழ், 1928ஆம் ஆண்டு நவம்பர் மாத ‘அமேசிங் ஸ்டோரீஸ்’. வியாழக்கோள் வானில் பெருகித் தோன்றும் அதன் முகப்பும் பால் வரைந்ததே. முதுமையிலும் அப்படத்தை மறவாமல் தம் நினைவுநூலில் எழுதினார் கிளார்க். 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்து அவர் எழுதிக் குவித்த நூல்களை அறிந்தோர், ஒரு முகப்புப் படம் அவர் கற்பனையைக் கட்டிப்போட்டது என்று கூறத் துணிவரா?

“அப்படங்கள் அறிவியலுக்கு ஒவ்வாதவை” என்பார் வேறு சிலர். 1944ஆம் ஆண்டில் ‘லைஃப்’ இதழில், டைட்டன் என்னும் துணைக்கோளின் நிலத்திலிருந்து சனிக்கோள் தோன்றும் காட்சியை செஸ்லி போன்ஸ்டெல் வெளியிட்டார். 1947 முதல் ‘அஸ்டவுண்டிங்’ இதழுக்கும் முகப்பு வரைந்தார். கோளின் விட்டத்தையும் தொலைவையும் கணக்கிட்டே தூரிகையை எடுத்தவர் அவர். ஆயினும் அவர் கூர்முனைகளாகத் தீட்டிய நிலவு மலைகள் உண்மையில் மழுங்கியவை என்பதை 1969ஆம் ஆண்டு தொடங்கிய நிலவுப் பயணங்கள் காட்டின. 2005இல் ஹைகன்ஸ் என்னும் ஆய்வுக்கலம் டைட்டனில் இறங்கியபோது, அந்நிலத்தை அடர்ந்த மூட்டம் கவிந்திருப்பது உறுதியாயிற்று. இதனால் போன்ஸ்டெல் பயனற்றவர் ஆகிவிடுவாரா? கிடைத்த அறிவைக்கொண்டு ஊகிப்பதும், புதிய சான்று கிடைக்கும்போது திருத்திக்கொள்வதுமே அறிவியல் நெறி. அந்நெறியை அவர் ஓவியத்தில் கடைப்பிடித்தார்.

குறைகள் இல்லையெனச் சொல்லேன். 1940ஆம் ஆண்டுகளில் ‘ஸ்டார்ட்லிங் ஸ்டோரீஸ்’ போன்ற இதழ்களுக்கு ஏர்ள் பெர்கி வரைந்த முகப்புகளில், கதைக்குத் தேவை இருப்பினும் இல்லையெனினும், உலோகக் கச்சணிந்த மங்கை ஒருத்தி அலறிக்கொண்டிருப்பாள். கடைத்தட்டில் பல இதழ்களுக்கிடையே வாங்குவோர் கண்ணை ஈர்க்கவேண்டும் என்னும் வணிக நோக்கின் விளைவு இது. பெண்ணைக் காட்சிப்பொருளாக்கிய அப்படங்களைக் கண்டிப்போம். ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது அறிவுடைமையாகுமா? அதே காலத்தில், அதே மலிவுத்தாளில், வர்ஜில் ஃபின்லே என்னும் கலைஞர் நுண்முனைப் பேனாவால் புள்ளி புள்ளியாக இட்டும், கருமை பூசிய அட்டையைக் கத்தியாற் சுரண்டியும் ஒளியையும் நிழலையும் படைத்துக்கொண்டிருந்தார். சொரசொரப்பான தாள் தம் உழைப்பின் நுட்பத்தை விழுங்கிவிடும் என்று தெரிந்தும் கைவேலையில் அவர் குறை வைக்கவில்லை. குப்பையிற் கிடந்தாலும் குன்றிமணி கறுக்காது என்பது இத்தகையோர்க்கே பொருந்தும்.

அவ்விதழ்களின் வாசகர்கள் இதனை அறிந்திருந்தனர். 1939ஆம் ஆண்டு நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியற் புனைகதை மாநாட்டின் சிறப்பு விருந்தினராக அவர்கள் அழைத்தது ஓர் எழுத்தாளரையன்று; ஓவியர் பாலை. நாமோ கதையாசிரியரின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, படம் வரைந்தவர் பெயரைப் பல நூல்களில் மூலையிற்கூட இடாது விடுகிறோம். படத்தைப் படிக்கக் கற்பிக்காமல், பக்கத்தை அழகுபடுத்தும் பொருளாக மட்டுமே மாணவர்க்குக் காட்டுகிறோம்.

எனவே ஆசிரிய நண்பர்களிடம் நான் வேண்டுவது இதுதான். அறிவியற் கதை ஒன்றிலிருந்து வருணனைப் பகுதியை முதலில் படித்துக் காட்டுங்கள். மாணவர்களே அதனை வரையட்டும். அதன்பின் ஓவியர் வரைந்த படத்தை முன்வைத்து, கதையில் உள்ளவற்றுள் எதை எடுத்தார், எதை விடுத்தார், எதைத் தாமே சேர்த்தார் என்று வினவுங்கள். கதையை ஊன்றிப் படித்த ஓவியர் யார், மங்கையையும் அரக்கனையும் வரைந்து கூலி பெற்றவர் யார் என்பதை மாணவரே பிரித்தறிவர். அவ்வாறு பிரித்தறியும் கண்ணைத் தருவது நம் கடமை. எல்லாவற்றையும் குப்பையென்று மூடிவைத்துவிட்டு, நம் மாணவர்க்குக் கற்பனை இல்லையே என்று பின்னர் வருந்துவதில் பொருளில்லை.