உச்சி பாதி வழிதான்

ஏரியும் வயலுமாய்ப் பரந்த சமவெளி எங்கள் திருநின்றவூர். அதனால்தானோ என்னவோ, விடுமுறை வந்தால் நண்பர்களுக்கு மலை ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். ஆனால், அவர்கள் திட்டம் உச்சியோடு முடிந்துவிடுகிறதே! உச்சி பாதி வழிதான் என்பது என் கருத்து.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீக்கு 23 பேர் பலியாயினர். இறங்கும் வழியில் சிக்கியவர்கள் அவர்கள். காய்ந்த புல்லில் காற்றோடு ஓடும் தீயை மனிதக் கால்கள் வெல்ல முடியுமா?

ஆகவே நண்பர்களே, கோடையில் காட்டுமலை வேண்டாம். வனத்துறை அனுமதியும் வழியறிந்த உள்ளூர்த் துணையும் இன்றிப் புறப்படவும் வேண்டாம். இருட்டுமுன் அடிவாரம் சேரும் நேரத்தை முதலில் குறியுங்கள்; அதிலிருந்து திரும்பும் மணியைக் கணக்கிடுங்கள். அந்த மணி அடித்தால், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்புங்கள். மலை அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கும். நம் தாயோ இன்றிரவே வாசலில் காத்து நிற்பாள்.