பெயர் மாறிய பெட்டி



பிசான நடவு முடிந்து, சேரன்மகாதேவிப் பக்கத்து வயல்களெல்லாம் பச்சை கட்டியிருந்த ஒரு மாலை வேளை. எம் பங்கைச் சேர்ந்த விவசாயி ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். மகள் செவிலியர் படிப்பை முடித்து, நான்கு ஆண்டுகள் பணியாற்றியவள். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு மின்னஞ்சல் வழியாக விண்ணப்பித்திருந்தாள். அவளுடைய சான்றிதழ்கள் உரிய நாளுக்குள் வந்து சேரவில்லை என்றும், அனுப்பியது உண்மையானால் அந்தக் கடிதத்தைத் தேதியுடன் இரண்டு நாளில் காட்ட வேண்டும் என்றும் அங்கிருந்து மறுமொழி வந்திருந்தது.

அவள் அனுப்பியது உண்மைதான். ஆனால் மடிக்கணினியில், அனுப்பிய கடிதங்களின் நகல் தங்கும் ‘சென்ட்’ என்னும் கோப்புறையைத் திறந்தால், நேற்றும் அதற்கு முந்தின நாளும் அனுப்பிய இரண்டே கடிதங்கள் இருந்தன. இரண்டு ஆண்டுக் கடிதங்கள் அத்தனையும் மாயமாகிவிட்டன.

“சாமி, பிள்ள ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல,” என்றார் தகப்பனார்.

“இருங்க அண்ணாச்சி, முதல்ல காப்பி குடிங்க,” என்று அவரை அமர்த்திவிட்டு, யாராவது எதையாவது அழித்தார்களா என்று விசாரித்தேன். கடைவீதியில் கணினி தெரிந்த ஒருவர், அஞ்சல் கணக்கையே நீக்கிவிட்டு மீண்டும் அமைக்கச் சொன்னாராம். நல்லவேளையாக அவர்கள் அதைச் செய்யவில்லை. கடிதங்கள் அஞ்சல் நிறுவனத்தின் கணினியில் இருந்தால் அதனால் தீங்கில்லை. மடிக்கணினியில் மட்டும் இருந்தால் அன்றோடு அவை போயிருக்கும். எது எங்கே இருக்கிறது என்று அறியாத நேரத்தில் எதையும் நீக்கத் துணிவது கூடாது.

சிறிது நேரம் பேசியபின் உண்மை வெளிவந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் தம்பி, அக்காவின் அஞ்சலைக் கைப்பேசியில் திறந்து, தன் பள்ளி வேலைக்கென ஒரு புதிய கோப்புறை அமைக்க எண்ணியிருக்கிறான். புதிது அமைப்பதற்குப் பதிலாக, பெயர் மாற்றும் கட்டளையை அழுத்தியிருக்கிறான். ‘சென்ட்’ என்பது ‘ப்ராஜெக்ட்’ ஆகிவிட்டது. மறுநாள் அக்கா ஒரு கடிதம் அனுப்பியபோது, மடிக்கணினியிலுள்ள தண்டர்பேர்ட் என்னும் அஞ்சல் செயலி ‘சென்ட்’ என்ற பெயரைத் தேடியது. காணாமையால் அதே பெயரில் புதிதாக ஒன்றைத் தானே படைத்துக்கொண்டது. அந்தப் புதுப் பெட்டியைத்தான் இவர்கள் திறந்து திறந்து பார்த்துக் கலங்கியிருக்கிறார்கள்.

இது ஏன் நேர்கிறது என்பதற்கு நம் ஊர் வரலாறே எடுத்துக்காட்டு. 1986-இல் தூத்துக்குடிப் பகுதி தனி மாவட்டமாகப் பிரிந்தபின், எஞ்சிய நம் மாவட்டத்துக்கு நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர் வழங்கிற்று. 1997-இல் அது மீண்டும் திருநெல்வேலி மாவட்டமாயிற்று. மாவட்டத்தின் பெயர் எதுவாயினும், 627002 என்று எழுதிய கடிதம் பாளையங்கோட்டைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் அறிமுகமான அந்தப் பின்கோடு, பெயரைச் சாராதது.

மின்னஞ்சலிலும் இந்த இருவகை உண்டு. சில அமைப்புகள் கோப்புறையை உள்ளே பொறித்த ஓர் அடையாளத்தால் அறிகின்றன; வெளிப்பெயர் மாறினாலும் அவை தடுமாறுவதில்லை. ஐமேப் என்னும் பரவலான அஞ்சல் முறையோ நெடுங்காலம் பெயரை மட்டுமே நம்பியிருந்தது. இது அனுப்பியவற்றுக்கு, இது குப்பைக்கு, இது வரைவுகளுக்கு என்று கோப்புறையின் மேல் தனிக்குறி இடும் வழி 2011-இல்தான் அதற்கென வகுக்கப்பட்டது. எல்லா நிறுவனங்களும் அதைக் கைக்கொள்ளவில்லை. இந்தப் பெண்ணின் அஞ்சல், பின்கோடு இல்லாத கடிதம் போன்றது.

இனி, நாங்கள் செய்தது. மடிக்கணினியில் ‘ப்ராஜெக்ட்’ என்ற பெயரே தென்படவில்லை. தண்டர்பேர்ட் வழக்கமாக, ‘சப்ஸ்கிரைப்’ செய்த கோப்புறைகளை மட்டுமே காட்டும். வேறிடத்தில் பெயர் மாறியது அதன் பட்டியலில் இராது. கணக்கின் பெயர்மீது வலப்புறச் சொடுக்குச் செய்து, ‘சப்ஸ்கிரைப்’ என்பதைத் திறந்து, ‘ப்ராஜெக்ட்’ எதிரே குறியிட்டோம். பழைய கடிதங்கள் அனைத்தும் வந்து நின்றன. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேண்டிய கடிதத்தை முதலில் மருத்துவமனைக்கு அனுப்பச் சொன்னேன். வீட்டை ஒழுங்கு செய்வது பிறகு ஆகட்டும்.

பிறகு பழைய கோப்புறையிலிருந்த கடிதங்களைப் புதிய ‘சென்ட்’டுக்கு நகல் எடுத்தோம். நகர்த்தவில்லை, நகல்தான் எடுத்தோம். இருபுறமும் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே ‘ப்ராஜெக்ட்’டை நீக்கினோம். ஞானஸ்நானப் பதிவேட்டைப் படியெடுத்துப் பழகியவனுக்கு இந்தப் பொறுமை தானாக வந்துவிடுகிறது. இறுதியில் ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ பகுதியில் ‘காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்’ என்பதைத் திறந்து, அனுப்பிய கடிதங்களின் நகல் எந்தக் கோப்புறைக்குப் போகவேண்டும் என்பதைச் சரிபார்த்தோம். பெயர் மாறிய கோப்புறையையே வைத்துக்கொள்ள விரும்புவோர், அவ்விடத்தில் அதையே சுட்டிக்காட்டிவிட்டாலும் போதும்.

‘இன்பாக்ஸ்’ மட்டும் ஐமேப் முறையில் தனிச் சலுகை பெற்றது. அதன் பெயரை யாராவது மாற்றினால், உள்ளிருக்கும் கடிதங்கள் எல்லாம் அந்தப் புதுப் பெயருள்ள கோப்புறைக்குப் போய்விடும். ‘இன்பாக்ஸ்’ வெறுமையாக அங்கேயே நிற்கும். புதிதாக வருபவை வழக்கம்போல் அதில் விழும். ‘பழைய கடிதமெல்லாம் ஒரே இரவில் போயிற்று’ என்று அலறுவோர், பட்டியலில் அறியாத பெயர் ஏதேனும் முளைத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நலம்.

அவுட்லுக் செயலியில் வேறுவகைக் குழப்பம் நேரும். உரோமையில் பயின்று திரும்பிய குரு நண்பர் ஒருவரின் பெட்டியில் ‘இன்பாக்ஸ்’ என்னுமிடத்தில் ‘போஸ்தா இன் அர்ரீவோ’ என்றிருந்தது. அந்தக் கணக்கை அவர் முதன்முதல் திறந்தது இத்தாலிய மொழிக் கணினியில். முதலில் திறந்த மொழியிலேயே பெயர்கள் அமைந்துவிட்டன. கடிதம் வருவதற்கு இதனால் இடையூறு இல்லை. எனினும் அவருடைய உதவியாளர் பட்ட பாடு சொல்லி முடியாது! விண்டோசில் பழைய வகை அவுட்லுக்கை மூடிவிட்டு, விண்டோஸ் விசையுடன் ‘ஆர்’ எழுத்தை அழுத்தி, வரும் கட்டத்தில் ஆங்கில எழுத்துகளில் ‘அவுட்லுக்.எக்ஸி’ என்றும், ஓர் இடம் விட்டுச் சாய்கோட்டுடன் ‘/ரீசெட்ஃபோல்டர்நேம்ஸ்’ என்றும் எழுதினால், பெயர்கள் செயலியின் மொழிக்குத் திரும்பும். புதிய அவுட்லுக்கில் இந்தக் கட்டளை இல்லை. இணையத்தில் அவுட்லுக்கைத் திறப்போர், மொழி அமைப்புப் பகுதியில் மொழியைத் தேர்ந்து, கோப்புறைப் பெயர்களையும் அம்மொழிக்கு மாற்றும்படி குறியிட்டுச் சேமிக்கலாம்.

ஜிமெயிலில் இந்தத் தொல்லை குறைவு. அதன் அடிப்படைப் பெட்டிகளுக்குப் பெயர் மாற்ற இயலாது. ஆனால் மறைத்து வைக்க இயலும். அமைப்புகளில் ‘லேபிள்ஸ்’ பகுதிக்குப் போய் ‘ஷோ’ என்பதை அழுத்தினால் திரும்பத் தெரியும்.

அந்தப் பெண்ணின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தேதியுடன் கூடிய பழைய கடிதம் மருத்துவமனையாரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. செய்தி சொல்லத் தம்பிதான் சைக்கிளில் ஓடிவந்தான். அவனுக்கென்று தனியாக ஓர் அஞ்சல் கணக்கு அமைத்துத் தரவேண்டும் என்று, வந்த கையோடு என்னிடமே விண்ணப்பமும் போட்டான்.