ஹிரகனா படிக்க இங்கிலீசு எதுக்கு சாமி?

மக்களே, இன்னிக்கு ஒரு வம்பு இழுக்கப் போறேன்.

பாண்டியோ சென்னையோ, ஜப்பானிய மொழி கத்துக்கப் போற நம்மாளு கையில் பெரும்பாலும் முதல் நாளே ஒரு அட்டவணை வந்து விழும். ஹிரகனா எழுத்து 46. ஒவ்வொண்ணுக்கும் கீழே உச்சரிப்பு, ஆங்கில எழுத்தில். நாமளும் ஏன்னு கேக்காம உருப்போடுறோம். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதுன்னு சொல்வாங்களே, அது இதுதான்.

அந்த அட்டவணையை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. உயிர் அஞ்சு: அ, இ, உ, எ, ஒ. நம்ம குறில் அஞ்சும் அதே வரிசையில்! அடுத்து மெய்: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்ம மெய் வரிசையில் 'க'விலிருந்து 'வ' வரைக்கும் போய், நடுவில் ங, ஞ, ட, ண, ல அஞ்சையும் தூக்கிடுங்க. மிச்சம்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. இடிக்கிறது ஒரே இடம்தான், 'ப' இருக்க வேண்டிய நாற்காலியில் 'ஹ' உக்காந்திருக்கு. பழைய ஜப்பானியத்தில் அது 'ப'தான், பிற்பாடு 'ஹ' ஆச்சு. நம்ம பால் கன்னடத்தில் ஹாலு ஆன மாதிரி. பெங்களூரில் பொட்டி தட்டும் மக்களுக்கு விளக்கவே வேண்டாம், மாரத்தஹள்ளியில் இருக்கும் ஹள்ளி நம்ம பள்ளிதான். இன்னிக்கும் அந்த 'ஹ' எழுத்தின் தலையோரம் சின்ன வட்டம் போட்டால் 'ப' ஆயிடும்.

இது தற்செயல் இல்லை. 806இல் கூகாய் என்ற துறவி சீனாவிலிருந்து திரும்பியபோது சித்தம் எழுத்தில் எழுதின சமஸ்கிருத மந்திரங்களையும் கொண்டு போனார். அதைப் படித்த பிக்குகள் வழியாகத்தான் இந்திய ஒலி வரிசை ஜப்பானிய எழுத்துக்கு வந்தது. எழுத்தின் வடிவம் சீனத்திலிருந்து வந்தது, அடுக்கி வைத்த முறை நம்ம பக்கத்து முறை.

உடனே "பார்த்தியா, ஜப்பானியமே தமிழ்தான்"னு கொடி பிடிக்க வேண்டாம். ஓனோ சுசுமு அப்படி ஒரு உறவைச் சொல்லி வருஷக்கணக்கா உழைச்சார், 2008இல் மறைந்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலானவர்கள் அதை ஏத்துக்கலை. என் வாதத்துக்கு அந்த உறவு தேவையும் இல்லை. அட்டவணை ஒத்துப்போகுது, அது போதும்.

சரி, ஆங்கிலம் வழியா போனா என்ன கெட்டுப் போச்சு? நிறைய.

ஜப்பானியத்தில் நாக்கு பல்லைத் தொடும் 'த'தான் உண்டு. ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம டோக்கியோ, டொயோட்டா, அரிகாட்டோன்னு 'ட' போட்டு உடைக்கிறோம். தமிழ்ல எழுதியிருந்தா தோக்யோ, அரிகத்தோ. க-ர-ஒ-கெ அப்படின்னு நாலு தெளிவான எழுத்தை ஆங்கிலம் கேட்டு 'கரோக்கி' ஆக்கிட்டோம். ஒபஸன் என்றால் அத்தை, சித்தி. ஒபாஸன் என்றால் பாட்டி. குறில் நெடில் படித்த நமக்கு இது ஒரு துணைக்கால் சமாச்சாரம். ஆங்கிலத்தில் பல நேரம் ரெண்டும் ஒரே மாதிரி எழுதப்படும். அத்தையைப் பாட்டின்னு கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கோங்க :-)

"தமிழ்ல 'க' ஒண்ணுதானே, கடலில் ஒரு மாதிரி, அகலில் ஒரு மாதிரி ஒலிக்குமே, எப்படிப் பிரிச்சு எழுதுவ?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஜப்பான்காரன் என்ன பண்றான்? மெலிஞ்ச ஒலிக்குப் புது எழுத்து வைக்கலை. அதே 'க' எழுத்தின் தலையோரம் ரெண்டு சின்னக் கோடு போடுறான். கமி என்றால் காகிதம். அதுவே 'ஒரி'யோட சேர்ந்து ஒரிகமி ஆகும்போது 'க' மெலியுது. நம்ம நாக்குக்கு இது பழகின வேலை. நம்ம நோட்டிலும் 'க' மேல ரெண்டு கோடு போட்டா தீர்ந்தது.

அடுத்த கேள்வியும் தெரியும். "கீபோர்டுல ஆங்கில எழுத்துலதானே ஜப்பானியம் தட்டணும்?" ஐயா, இ-கலப்பையிலும் அப்படித்தானே தமிழ் தட்டினோம்? அதுக்காக அ, ஆ, இ, ஈயை ஆங்கிலம் வழியாவா படிச்சோம்? எழுத்து தெரிஞ்சப்புறம் தட்டச்சு ஒரு மணி நேர வேலை.

பாண்டிக்காரனுக்கு இதில் கூடுதல் வெட்கம் வேணும். இதே ஊரில் துய்ப்ளெக்ஸிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736லிருந்து 25 வருஷம் நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சுக்காரன் பேரும் கப்பல் பேரும் அதில் தமிழ் எழுத்திலேயே இருக்கு. நடுவில் ஆங்கிலத்தைத் தரகுக்கு வைக்கலை. நமக்கு மட்டும் 46 எழுத்துக்கு ஒரு தரகர் வேணுமாம்!

இதை வெறும் மொழிப்பற்றில் சொல்லலை. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் திறன் பணியாளர்களுக்காக ஒப்பந்தம் போட்டன. முதியோர் பராமரிப்பு மாதிரி வேலைகளுக்கு பொறியியல் பட்டம் வேண்டாம், அடிப்படை ஜப்பானியம் வேணும். தமிழ் வழியில் படிச்ச ஐடிஐ பையனும் நர்சிங் படிச்ச பொண்ணும் அந்த வகுப்பில் வந்து உக்கார்றாங்க. முதல் வாரமே ஆங்கில அட்டவணை பயமுறுத்துது. "ஜப்பானியம் நமக்கு வராது"ன்னு எழுந்து போறாங்க. வராதது ஜப்பானியம் இல்லை, இங்கிலீசு. இத்தனைக்கும் ஜேஎல்பிடி தேர்வின் கேள்வித்தாளில் ஜப்பானியத்தை ஆங்கில எழுத்தில் கொடுக்க மாட்டான்!

ஆகவே சொல்லிக் கொடுக்கும் மகராசன்களே, பத்து வரி, அஞ்சு கட்டம், ஒவ்வொண்ணுக்கும் கீழே தமிழ் எழுத்து. ஒரே ஒரு தாள். 247 எழுத்தை ரெண்டாங்கிளாஸ்ல கரைச்சுக் குடிச்ச புள்ளைங்க, 46ஐ ஒரு கை பாத்துடும்.

டிஸ்கி: 'ஷி', 'த்சு', 'ஃபு'ன்னு வரிசைக்கு அடங்காத சிலது இருக்கு, தெரியும். அதைப் பிடிச்சுக்கிட்டு கும்ம வர்றவங்க வரலாம், ஆனா தமிழ்ல எழுதிக்கிட்டு வாங்க.